பெரும்பாக்கமா, இருந்த இடத்துலயே மாடி வீடா?

சென்னையில கூவம், அடையாறு ஆத்தங்கரை குடிசைகள்ல இருந்தவங்கள நகரத்தோட தெக்கு ஓரத்துல இருக்குற பெரும்பாக்கத்துக்கு அனுப்பினது ஒரு வழி, ஆயிரக்கணக்குல வீடு ஒரே இடத்துல கட்டிடலாம்தான், ஆனா பக்கத்துலயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், 2022ல ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கிற அங்கீகாரம், கிடைச்ச இடம், மழைத்தண்ணி வந்து நிக்கவேண்டிய பள்ளம்ங்க அது. அங்க இருந்து மயிலாப்பூருக்கு வீட்டு வேலைக்கு வர்ற அக்கா விடியுறதுக்கு முன்னாடியே தூக்குல சோத்தோட பஸ் ஸ்டாப்புல நிக்கணும்.

இன்னொன்னு, நகரத்துக்குள்ள நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தோட (முன்னாடி குடிசை மாற்று வாரியம்) பழைய குடியிருப்ப இடிச்சு அங்கயே உயரமா கட்டுறது. கட்டி முடிக்கிற வரைக்கும் வாடகை வீட்டுக்கு அலையணும், அது பெரிய கஷ்டம். இருந்தாலும் என் ஓட்டு இதுக்குத்தான். மாநகராட்சி, ஊராட்சி, வனத்துறை, வாரியம் எல்லாரும் ஒரே மேப்ப விரிச்சு வச்சு, தண்ணி நிக்கிற இடத்த முதல்ல ஒதுக்கிட்டு அப்புறம் வீட்டுக்கு இடம் தேடுங்கப்பா.