299 ரூபா கார் வாஷுக்கு போயி 9,000 கிட்ட தண்டம் அழுதேன், வேலூர்க்காரங்க படிச்சிருங்க

குடியாத்தத்துல சித்தப்பா பொண்ணு கல்யாணம், மறுநாள் காலைல அஞ்சு மணிக்கெல்லாம் கெளம்பணும், வண்டிய பாத்தா மண்ணு பூசுன மாதிரி நிக்குது. எங்க தெருவுல பைப் போட தோண்டி ரெண்டு மாசமா அப்படியே கெடக்கு, அந்த புழுதி மொத்தமும் என் பலேனோ மேல தான். அதுவும் நீல கலரு, நெக்ஸா ப்ளூ. வாங்குறப்பவே எங்க நைனா சொன்னாரு, "டார்க் கலரு வேணாம்டா, வெள்ள எடு, அழுக்கு தெரியாது"ன்னு. கேக்கல.

எப்பவும் ஞாயித்துக்கெழம நானே தான் கழுவுவேன். அன்னிக்கு ஆபீஸ் முடிஞ்சி வரும்போதே ஆறு மணி, துணிமணி வேற எடுக்கணும், சரி போனா போகுதுன்னு பைபாஸ் ஓரமா புதுசா தொறந்திருக்கானே ஒரு ஆட்டோமேட்டிக் வாஷ், அங்க வுட்டேன். பேரு போட மாட்டேன், கேஸு கீஸுன்னு அலைய என்னால ஆவாது. பெருசா பேனர், "7 நிமிஷத்துல பளபள, அறிமுக விலை 299". வாட்டர் சர்வீஸ் பண்றவங்க கிட்ட போனாலே 400, 500 வாங்குறாங்க, இவன் மிஷின் வெச்சி 299க்கு பண்றானேன்னு சந்தோஷமா போனேன் பாருங்க, அங்க ஆரம்பிச்சது எனக்கு சனி.

எனக்கு முன்னாடி லைன்ல ஒரு டாடா ஏஸ். செங்கல் லோடு அடிக்கிற வண்டி, டயர்லர்ந்து டோர் வரைக்கும் செம்மண்ணு காஞ்சி ஒட்டிகினு இருக்கு. அதை அப்படியே மிஷினுக்குள்ள வுட்டான். அந்த பெரிய ப்ரஷ் ரெண்டு பக்கமும் சுத்தி சுத்தி தேய்க்குது, கீழ செவப்பு தண்ணி ஓடுது. அது வெளிய வந்த அடுத்த நிமிஷம், "சார் வாங்க வாங்க, ஹேண்ட்பிரேக் போட்டு எறங்கிடுங்க"ன்னு என் வண்டிய உள்ள வுட சொன்னான். ப்ரஷ்ஷ அலசவே இல்ல. நான் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்னுகினு பாக்குறேன், அந்த நீலக்கலர் ப்ரஷ் நுனில செம்மண்ணு கொழகொழன்னு தொங்குது, அது அப்படியே என் பானட் மேல எறங்குது. அப்பவே "நிறுத்துபா"ன்னு கத்தியிருக்கணும். மிஷின் சத்தத்துல எவனுக்கு கேக்கும், நானும் ஏதோ புதுசா பாக்குற சந்தோஷத்துல போன்ல வீடியோ எடுத்துகினு நின்னேன். அந்த வீடியோ தான் அப்பாலிக்கு உதவுச்சு, அத சொல்றேன்.

இன்னொன்னு. இந்த மாதிரி மிஷின்ல வுடறதுக்கு முன்னாடி ப்ரெஷர் கன்ல தண்ணி அடிச்சி ஒட்டிகினு இருக்கிற மண்ண மொதல்ல எறக்கிடணும், அப்புறம் தான் ப்ரஷ் படணும். கன்னு அங்கயே செவுத்துல மாட்டி தான் இருந்துச்சு. எனக்கு பின்னாடி நாலு வண்டி நிக்குது, பையன் அத தொடக்கூட இல்ல. கூரை மேல பின்னாடி இருக்கிற ஆன்டெனா குச்சிய கழட்டுங்கன்னும் யாரும் சொல்லல. திருகுனா ரெண்டே செகண்ட்ல வர்ற சாமான். மிஷின் பின்பக்கம் போகும்போது டொக்குன்னு ஒரு சத்தம், முடிஞ்சிது.

வெளிய வந்ததும் ஒரு பையன் துணி எடுத்துகினு தொடைக்க வந்தான். அந்த துணி டாடா ஏஸுக்கு தொடச்ச அதே துணி, புழிஞ்சா செம்மண் தண்ணி வருது. நான் ஆன்டெனாவ கேட்டா சூப்பர்வைசர் மாதிரி இருந்தவரு வந்து போர்ட காட்றாரு, "உதிரி பாகங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல". அத சொல்லிட்டு அதே வாயால, "சார் உங்க வண்டில ஏற்கனவே லேசா கீறல் இருக்கு பாருங்க, டார்க் கலர்ல அப்படியே தெரியும், கல்யாணத்துக்கு வேற போறீங்க, ஒரு பாலிஷ் போட்டா புது வண்டி மாதிரி ஆயிடும், 2,500 ஆகும், உங்களுக்கு 1,800"ன்னாரு. நானும் யோசிக்கல. சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்கன்னு ஒரு கௌரவம். போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, முக்கா மணி நேரத்துல கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. கல்யாணத்துல மாமா கூட "புது வண்டியா மாப்ள"ன்னு கேட்டாரு. பில் கேட்டேன், சிஸ்டம் வேலை செய்யலன்னாங்க, ஜிபே பண்ணிட்டு வந்துட்டேன்.

சரியா பன்னெண்டு நாள் கழிச்சி, நடுவுல ஒரு நல்ல மழை, ஒருநாள் வீட்ல நான் சும்மா தண்ணி ஊத்தி கழுவுனது, அவ்ளோதான். ராத்திரி ஆம்பூர்ல சாப்ட்டு திரும்பி வர்றப்ப பள்ளிகொண்டா கிட்ட பங்க்ல நிறுத்துனேன். மேல எல்இடி லைட்டு பளிச்சுன்னு அடிக்குது. பானட்ட பாத்தேன், வயிறு கலங்கிடுச்சு. லைட்ட சுத்தி வட்ட வட்டமா, சிலந்தி வலை பின்னுன மாதிரி ஆயிரம் கீறல். நான் நகர்ந்தா அந்த வலையும் கூடவே நகருது. டிரைவர் பக்க டோர்ல நீளமா நாலு கோடு, நகத்த வெச்சா மாட்டுது. பெட்ரோல் போடுற பையனே, "அண்ணா, பிரஷ் வாஷ் வுட்டீங்களா"ன்னு கேட்டான். அவனுக்கு தெரிஞ்சது எனக்கு தெரில.

ராணிப்பேட்டைல தெரிஞ்சவரு ஒருத்தர் டீடெய்லிங் கடை (கார் பெயின்ட்ட சரி பண்ணி மெருகேத்துற கடை) வெச்சிருக்காரு, அங்க எடுத்துட்டு போனேன். அவரு பெயின்ட் தடிமன் அளக்குற மீட்டர வெச்சி அங்க இங்க பாத்துட்டு சொன்னது தான் இது. கார் பெயின்ட்ல மேல இருக்கிற கிளியர் கோட் இருக்கே, அது சாதாரணமா 40, 50 மைக்ரான் தான், நம்ம தலமுடிய விட மெலிசு. பளபளப்பு, வெயில் தாங்குறது எல்லாம் அந்த ஒரு லேயர் தான். அதுமேல மண்ண வெச்சி தேய்ச்சா உப்புத்தாள் வெச்சி தேய்க்கிறதும் அதுவும் ஒண்ணு தான். சரி, பாலிஷ் போட்டேனே அதுக்கு இன்னா ஆச்சுன்னு கேட்டேன். சிரிச்சாரு. "அது பாலிஷே இல்ல சார், ஃபில்லர். எண்ணெயும் மெழுகும் கலந்த கிளேஸு, கீறலுக்குள்ள போயி ஒக்காந்துக்கும், பாக்க வழவழன்னு இருக்கும், ரெண்டு மழைல கழுவிகினு போயிடும்." அதாவது அவன் மிஷினே கீறல் போட்டுட்டு, அத மறைக்க என்கிட்டயே 1,800 வாங்கிட்டான். இத நெனச்சா தான் இன்னிக்கும் தூக்கம் வரமாட்டேங்குது, கீறல் கூட பரவால்ல.

நெஜமா சரி பண்ணணும்னா மிஷின் வெச்சி கிளியர் கோட்டயே கொஞ்சம் சீவி சமம் பண்ணணும், கீறல் ஆழத்துக்கு மேல்தோல எடுக்கிற மாதிரி. அதனால வருஷா வருஷம் பண்ண முடியாது, அந்த லேயர் தீந்துட்டா அப்புறம் ரீபெயின்ட் தான். 6,500 ஆச்சு. டோர்ல இருந்த நாலு கோட்டுல ரெண்டு இன்னும் இருக்கு, அதுக்கு மேல தேய்ச்சா ஆபத்துன்னு வுட்டுட்டாரு. ஆன்டெனா 350 தனி.

திரும்ப அந்த வாஷ் கடைக்கு போனேன். "எங்க மிஷின் வெளிநாட்டு மிஷின் சார், கீறல் வராது, நீங்க வேற எங்கயாவது வுட்டிருப்பீங்க"ன்னு ஒரே பேச்சு. வீடியோவ காட்டுனேன், டாடா ஏஸு, செம்மண்ணு, டொக்குன்னு சத்தம் எல்லாம் இருக்கு. உடனே குரல் மாறிடுச்சு, "அதுக்கு இன்னா சார் பண்றது, போர்டுல போட்டிருக்கு இல்ல". என் ஃப்ரெண்டு ஒருத்தன் வக்கீல், அவன் சொன்னான், போர்டு மாட்டிட்டா மட்டும் பொறுப்பு போயிடாது, தவறா வேலை செஞ்சா அது சேவைக் குறைபாடு தான், அப்புறம் 2019 நுகர்வோர் சட்டத்துல பில் குடுக்க மறுக்கிறதே நேர்மையற்ற வணிக நடைமுறைன்னு இருக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நாம குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கூட கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். நான் மொதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி கம்ப்ளெயின்ட் பதிஞ்சிருக்கேன். ஜிபே ரசீது, வீடியோ, டீடெய்லிங் பில் மூணும் கையில இருக்கு. நீங்க எங்க வுட்டாலும் உள்ள போறதுக்கு முன்னாடி வண்டிய ஒரு சுத்து வீடியோ எடுத்துருங்க, ஏற்கனவே கீறல் இருந்துச்சுன்னு சொல்றதுக்கு அவங்களுக்கு வழி இருக்காது.

ப்ரஷ் இல்லாம வெறும் தண்ணி, கெமிக்கல்ல கழுவுற டச்லெஸ் இருக்கே, அதுக்கு போலாமேன்னு கேப்பீங்க. கீறல் கம்மி, உண்மை தான். ஆனா கை படாம அழுக்கு போகணும்னா கெமிக்கல் காரமா இருந்தா தான் ஆவும், அது நீங்க போட்ட வேக்ஸயும் சேத்து எடுத்துட்டு போயிடும், ஒட்டுன மண்ணும் மெல்லிசா ஒரு படலம் தங்கிடும். அடிப்பக்கம் சேறு அடிச்சிருந்தா ராம்ப்ல ஏத்தி கழுவுற பழைய வாட்டர் சர்வீஸ் தான் நல்லது, ஆனா அங்க அடில டீசல் ஸ்ப்ரே பண்றேன்னு சொன்னா வேணாம்னுடுங்க, ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறி போயிடும்.

நான் வீட்ல பண்றது இது. நைனா ஸ்டைல் இல்ல, அவரு பழைய பனியன கிழிச்சி, ஒரே பக்கெட்ல சர்ஃப் போட்டு ஸ்கூட்டர தேய்ப்பாரு, அதுவும் பெயின்டுக்கு எமன் தான், அவரு கிட்ட சொன்னா "உங்க ஆளு மிஷின் வெச்சி கிழிச்சத விடவா"ன்னு கேக்குறாரு, பதில் இல்ல. ரெண்டு பக்கெட் வேணும், ஒண்ணுல கார் ஷாம்பு, ஒண்ணுல வெறும் தண்ணி. மொதல்ல தண்ணி அடிச்சி மண்ண எறக்கிட்டு, மைக்ரோஃபைபர்ல ஷாம்பு தொட்டு ஒரு பகுதி தேய்ச்சதும் அந்த துணிய வெறும் தண்ணில அலசிட்டு தான் திரும்ப ஷாம்புல விடணும். பக்கெட் அடிய ஒருநாள் பாருங்க, படிஞ்சி கெடக்கிற மணல பாத்தா தெரியும், ஒரே பக்கெட்னா அது மொத்தமும் திரும்ப வண்டி மேல தான் போகும். கூரைலர்ந்து ஆரம்பிச்சி கீழ வரணும், வீலுக்கு தனி துணி.

நம்மூருல பெரிய தொல்லை தண்ணி. பாலாறு தண்ணி இல்லாத ஆறுன்னு ஊரே கிண்டல் பண்ணும், நம்ம போரு தண்ணியோ உப்பு, பக்கெட்ல வெள்ளையா படியும். வெயில்ல கழுவுனா தண்ணி காஞ்சி அந்த உப்பு மட்டும் புள்ளி புள்ளியா நிக்கும், கத்திரில பானட் கைய வெக்க முடியாத சூட்டுல இருக்கும்போது கேக்கவே வேணாம், பெயின்டுலயே பதிஞ்சிடும். அதனால காலைல ஏழு மணிக்கு முன்னாடி, நெழல்ல. ஆர்ஓ வேஸ்ட் தண்ணிய வீணாக்க வேணாம்னு சில பேரு அதுல கழுவுறாங்க, அது போரு தண்ணிய விட உப்பு ஜாஸ்தி, மொதல்ல மண்ண எறக்க வேணும்னா ஊத்துங்க, கடைசி அலசலுக்கு வேணாம். எங்க வீட்ல ஏசி பைப்புக்கு கீழ ஒரு பக்கெட் வெச்சிருக்கோம், ராத்திரி ஓடுனா காலைல முக்கா பக்கெட் இருக்கும். அது காத்துலர்ந்து வர்ற தண்ணி, உப்பு கிட்டத்தட்ட இல்ல. கடைசியா அத ஊத்தி தொடச்சா ஒரு புள்ளி நிக்காது. மொத்தம் ஒன்றரை மணி நேரம், முதுகு வலிக்கும், அது நெசம்.

நேத்து அந்த கடையிலர்ந்து போன் வந்துச்சு. 1915 கம்ப்ளெயின்ட் அவங்களுக்கு போயிருக்கு போல. "சார், வாபஸ் வாங்கிடுங்க, உங்களுக்கு ரெண்டு வாஷ் ஃப்ரீயா பண்ணி தர்றோம்"னாரு அதே சூப்பர்வைசர். ஆன்டெனா 350ஐயாவது குடுங்கன்னு கேட்டேன், ஓனர் கிட்ட கேட்டு சொல்றேன்னு வெச்சிட்டாரு.