பறவைக் காய்ச்சல் காலத்தில் வீட்டுக்கோழி: பஞ்சாரமா, பட்டியா, கொட்டகையா?

கம்பம்மெட்டிலும் குமுளியிலும் கால்நடைத் துறை ஆட்கள் நின்று, கேரளத்திலிருந்து வரும் வண்டிகளின் டயருக்கு மருந்தடிக்க ஆரம்பித்தால் எங்கள் தேனி மாவட்டப் பள்ளத்தாக்கில் யாரும் பேப்பர் பார்க்க வேண்டியதில்லை. ஆலப்புழைப் பக்கம் வாத்து செத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். 2014 நவம்பரில் குட்டநாடு, 2021 ஜனவரியில் ஆலப்புழையும் கோட்டயமும், 2024 ஏப்ரலில் எடத்துவா, செறுதனா ஊராட்சிகள். 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்கள். ஒவ்வொரு முறையும் தெருவில் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "அத்தாச்சி, கோழியை என்ன செய்யப் போறீக?"

பண்ணைக்காரர்களுக்கு மருத்துவர் உண்டு, கம்பெனி ஆள் உண்டு. கொல்லையில் பத்திருபது நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களுக்கு வரும் அறிவுரை "அடைச்சு வைங்க" என்ற இரண்டு சொல்தான். எதில் அடைப்பது, எத்தனை நாள், அடைத்த கோழிக்கு என்ன கேடு வரும் என்று யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு வழியாக நான் செய்து பார்த்ததையும், விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன்.

எந்த வழியை எடைபோடுவதற்கும் முன்னால், நோய் எப்படி வருகிறது என்பது மனதில் இருக்க வேண்டும். காற்றில் பல மைல் பறந்து வந்து கொல்லையில் இறங்கும் நோய் இல்லை இது. நோய்கண்ட பறவையின் எச்சத்திலும், மூக்கு வாய் நீரிலும் கிருமி இருக்கிறது. அந்த எச்சம் குளத்துத் தண்ணீரில் கலந்து வரலாம், கூரை ஓட்டை வழியாக விழலாம், சந்தைக்குப் போய்வந்த நம் செருப்பில் ஒட்டி வரலாம். குளிர்ந்த, ஈரமான எச்சத்தில் கிருமி பல நாள், சில சமயம் பல வாரம்கூடத் தாங்கும். ஆகவே நான் எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பேன்: வெளிப்பறவையின் எச்சம் என் கோழியின் வாய்க்குப் போகும் பாதையை இது அடைக்கிறதா?

அவிழ்த்து விடுவது

மற்ற நாட்களில் இதைவிட நல்ல வளர்ப்பு கிடையாது. புழுவும் பூச்சியும் தின்று, மண்ணில் குளித்து, வெயிலில் படுத்துக் கிடக்கும் கோழிக்கு வியாதி குறைவு, தீவனச் செலவும் குறைவு. ஆனால் நோய்க்காலத்தில் அந்தச் சுதந்திரமே எமனாகிவிடுகிறது. அறுவடை முடிந்த வயலில் கிடை போடும் வாத்துக்கூட்டம் நின்ற தண்ணீரில்தான் நம் கோழியும் வாய் வைக்கும். வாத்துக்கு நோய் தொற்றினாலும் சில சமயம் வெளியே ஒன்றும் தெரியாது, நன்றாக மேய்ந்துகொண்டே கிருமியை இறைக்கும். தாய்லாந்தில் 2004-இல் நோய் பரவியபோது, வயலில் மேயும் வாத்துகள் அதிகம் இருந்த பகுதிகளும் நோய் கண்ட பகுதிகளும் பெரிதும் ஒத்துப்போனதை ஆய்வாளர்கள் கண்டார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வரும் கிளுவை, ஊசிவால் வாத்து போன்றவையும் நம் கண்மாய்களில்தான் இறங்குகின்றன. காக்கையையும் மறக்கக் கூடாது. 2021 தொடக்கத்தில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் முதலில் விழுந்து செத்தவை காக்கைகள்தான். நம் கோழியின் தீவனத் தட்டில் பங்குக்கு வருவதும் காக்கைதான்.

"சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் விடுறேன்" என்று பலர் சொல்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கோழி முதலில் ஓடுவது சாக்கடை ஓரத்துக்கும் வாய்க்காலுக்கும்தான். பாதி நாள் அடைத்த பலனெல்லாம் அங்கேயே போய்விடும்.

அதற்காகக் கேரளத்தில் நோய் என்றதுமே தேனி மாவட்டக் கோழியெல்லாம் சிறையிருக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். அரசு நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டரை நோய்ப் பகுதியாகவும், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதியாகவும் வைக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் என்றால் நான் தண்ணீரையும் தீவனத்தையும் கூரைக்குள் கொண்டுவந்துவிட்டு, கண்மாய்ப் பக்கம் போகாமல் வேலி அடைப்பேன். நம் மாவட்டத்தில் என்றால் அன்றைக்கே அடைப்பு.

பஞ்சாரம்

எல்லோர் வீட்டிலும் இருப்பது. மூங்கில் பஞ்சாரத்தைத் திண்ணையில் கவிழ்த்தால் ஐந்தாறு கோழி அடங்கும், காற்றும் வரும். அறிவிப்பு வந்த இரவே கோழியைக் காக்க வேண்டுமென்றால் இதற்கு ஈடில்லை, காசு பைசா செலவில்லை.

ஆனால் பஞ்சாரம் இராத்தங்கலுக்காகப் பின்னியது. நாள் முழுக்க அதில் கிடந்தால் கோழி தன் எச்சத்தின் மேலேயே நிற்கும். மூன்றாம் நாள் வாடை வரும், ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும், தண்ணீர்ச் சட்டியைத் தட்டிவிடும். கூரைக்கு வெளியே முற்றத்தில் கவிழ்த்து வைத்தால் காப்பே இல்லை, மேலே உட்காரும் காக்கை எச்சமிட்டால் பின்னல் வழியாக நேரே உள்ளே விழும். என் கணக்கில் பஞ்சாரம் இரண்டு மூன்று நாளைக்கான ஏற்பாடு. அதற்குப் பிறகு இதற்கு வேறு நல்ல உபயோகம் இருக்கிறது: குஞ்சுத்தாயைத் தனியே வைக்க, சந்தையில் வாங்கிய புதுக்கோழியைக் கூட்டத்தோடு சேர்க்காமல் வீட்டின் மறுபுறம் இரண்டு வாரத்துக்குக் குறையாமல், முடிந்தால் மூன்று வாரம், தனித்து வைக்க.

கூரை போட்ட வலைப்பட்டி

நான் இப்போது வைத்திருப்பது இதுதான். நான்கு மூலையில் கம்பு, சுற்றிலும் கம்பி வலை, மேலே தகரம். பதினெட்டு கோழிக்குப் பத்தடிக்குப் பத்தடி. செலவு உண்டு, இரண்டு நாள் வேலையும் உண்டு. பழைய தகரமும் சவுக்குக் கம்பும் கிடைத்தால் பாதிச் சுமை குறையும்.

இதில் பலர் செய்யும் தவறு, மேலேயும் வலையே போட்டுவிடுவது. பருந்துக்கு அது போதும். பறவைக் காய்ச்சலுக்குப் போதாது. வலை பறவையைத் தடுக்கும், அதன் எச்சத்தைத் தடுக்காது. மேலே தண்ணீர் ஒழுகாத எதுவும் சரி: தகரம், சிமென்ட் ஷீட், கெட்டியான தார்ப்பாய். தென்னங்கீற்று வெயிலுக்குச் சுகம், ஆனால் அடை மழையில் ஒழுகும், எலியும் குருவியும் கூடு வைக்கும். கீற்றுதான் கைவசம் என்றால் அதன் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டலாம். கூரை நீர் பட்டிக்குள் வழியாதபடி வெளிப்பக்கம் சரிவு வேண்டும், ஏனென்றால் கூரையில் கிடக்கும் எச்சமெல்லாம் அந்த நீரில்தான் வரும். பக்கத்து வலைக்கண் ஓர் அங்குலத்துக்கு மேல் இருந்தால் சிட்டுக்குருவி நுழைந்துவிடும்.

இதன் பெரிய பலம், கோழி கோழியாகவே இருக்கிறது. மண்ணைக் கிளறுகிறது, குளிக்கிறது, பக்கவாட்டு வெயில் வாங்குகிறது. ஒரு மாதம் அடைத்தாலும் முட்டை பெரிதாகக் குறையவில்லை. தீவனம்தான் பாரம். வளர்ந்த கோழிக்கு நாளைக்கு 80 முதல் 100 கிராம் வேண்டும். கம்பு, சோளம், குருணையோடு அகத்தியும் முருங்கையும் கட்டித் தொங்கவிடுவேன். சாணியும் கிழிந்த சாக்கும் அடைத்த பானையைப் பட்டிக்கு வெளியே கரையான் மண்ணில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை பானை நிறையக் கரையான். குஞ்சுகளுக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. காக்கை எச்சம் படாத நிழலில், மூடி வைத்து எடுப்பதாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

முழுக் கொட்டகை

நான்கு சுவர், ஓடு, கதவு. காப்பு என்று மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடம். பழைய மாட்டுக்கொட்டகை காலியாக இருப்பவர்கள் இதையே யோசிப்பார்கள். ஆனால் நாட்டுக்கோழி இதற்குப் பழகியதில்லை. இடம் நெருங்கினால் பின்புறத்தைக் கொத்தி ரத்தம் பார்த்துவிடும். தரையில் போட்ட உமியோ தேங்காய் நாரோ நனைந்தால் ரத்தக்கழிச்சல் வந்து குஞ்சுகள் போய்விடும். பறவைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றப் போய் ரத்தக்கழிச்சலுக்குப் பலி கொடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கோழிக்கு இரண்டு சதுர அடிக்குக் குறையாமல் இடம், தினமும் கிளறிவிடும் உலர்ந்த உமி, உயரத்தில் வலையடித்த ஜன்னல் இவை மூன்றும் முடியுமானால் கொட்டகை. முடியாவிட்டால் பட்டிதான் மேல். வாத்தும் கோழியும் சேர்த்து வளர்ப்பவர்கள் வாத்தைக் கொட்டகையிலும் கோழியைப் பட்டியிலுமாகப் பிரித்துவிடலாம். இரண்டும் ஒரே தண்ணீர்த் தொட்டியில் குடிக்கக் கூடாது.

விற்றுவிடுவது

நோய் தூரத்தில் இருக்கும்போது கூட்டத்தைப் பாதியாகக் குறைப்பது அறிவுள்ள செயல். கூடு சிறியதாக இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் கோழி சுணங்கிய பிறகு, அல்லது பக்கத்து வீட்டில் நான்கு செத்த பிறகு, அவசரமாகச் சந்தைக்குத் தூக்கிப் போவது ஊருக்குத் தீ வைப்பதற்குச் சமம். நோய் ஊர்விட்டு ஊர் போக அதைவிடக் குறுக்கு வழி வேறில்லை.

சுணங்கிய கோழியை அறுத்துத் தின்பதும் வேண்டாம். நன்றாக வெந்த கறியில் கிருமி இருக்காது, 70 டிகிரி சூடு உள்வரை ஏறினால் செத்துவிடும். ஆபத்து அறுக்கும் கையிலும், இறகு பிடுங்கும் இடத்திலும், பச்சைக்கறியிலும் இருக்கிறது. 2021-இல் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் டெல்லியில் இந்த நோயால் இறந்தான். 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் 2 வயதுக் குழந்தை. மனிதருக்குத் தொற்றுவது அபூர்வம்தான், ஆனாலும் கோழி பிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள்.

ஊசியும் கைவைத்தியமும்

பிரான்சில் 2023 அக்டோபரிலிருந்து பண்ணை வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் தடுப்பூசி போடுகிறார்கள். நம் நாட்டில் இந்தக் கொல்லும் வகைக்கு வீட்டுக்கோழிக்குப் போட ஊசி இல்லை, நோய் கண்டால் அழிப்பதுதான் கொள்கை. மஞ்சளும் வேப்பிலையும் சின்ன வெங்காயமும் கொடுங்கள், கெடுதல் இல்லை. அதை நம்பிக் கூட்டைத் திறந்து வைக்காதீர்கள்.

ஆனால் ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஊருக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள். வெள்ளைக்கழிச்சலும் பறவைக் காய்ச்சலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்: பச்சைக் கழிச்சல், மூச்சுத்திணறல், கூட்டமாகச் சாவு. ஊசி போட்ட கூட்டம் திடீரென்று சாகிறது என்றால் சந்தேகம் உடனே வலுக்கும், ஒரு நாள்கூட வீணாகாது.

எந்தக் கூடானாலும்

பட்டி கட்டிவிட்டு, கறிக்கடைக்குப் போட்டுப் போன செருப்போடு உள்ளே நுழைந்தால் தகரம் போட்ட காசு தண்டம். கூட்டுக்கென்று ஒரு ஜோடி செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். நான் சொல்வதிலேயே மலிவானதும் பலன் அதிகமானதும் இதுதான். இன்னொன்று நம் வீடுகளின் பழக்கம்: ஞாயிற்றுக்கிழமை கடைக்கோழியைக் கொல்லைக் குழாயடியில் கழுவி, அந்தத் தண்ணீரையும் கழிவையும் நம் கோழி பொறுக்க விடுவது. நோய்க்காலத்தில் கண்டிப்பாகக் கூடாது. சமையலறையில் கழுவி, கழிவை ஆழக் குழியில் புதையுங்கள்.

மருந்துகளில் சோப்புத் தண்ணீரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இந்தக் கிருமிக்குக் கொழுப்பு உறை, சோப்பு அதைக் கரைத்துவிடும். பிளீச்சிங் பவுடர் பலமானது, ஆனால் எச்சம் அப்பியிருக்கும் தரையில் தூவினால் வேலை செய்யாது. முதலில் சுரண்டி, கழுவி, பிறகு போட வேண்டும், தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும். சுண்ணாம்பு காலி செய்த தரைக்கு நல்லது, கோழி நிற்கும்போது தூவினால் கண்ணும் காலும் வெந்துபோகும்.

கொண்டையும் தாடியும் நீலம் பாரித்து, முகம் வீங்கி, கால் தோலில் ரத்தக்கட்டு தெரிந்து, ஒரே நாளில் இரண்டு மூன்று கோழி செத்தால் அறுத்துப் பார்க்காதீர்கள், வாய்க்காலில் வீசாதீர்கள். வெறும் கையால் தொடாமல் கூடையைக் கவிழ்த்து மூடி, நாய் அண்டாமல் பார்த்துக்கொண்டு, கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். மாதிரி போபாலில் உள்ள விலங்குநோய் ஆய்வகத்துக்குப் போய் முடிவு வரும். "சொன்னால் எல்லாக் கோழியையும் கொன்னுடுவாங்களே" என்ற பயம் எனக்கும் புரிகிறது, பெயர் வைத்து வளர்த்த கோழிகள் அவை. ஆனால் நஷ்டஈடு அரசு அழித்த கோழிக்குத்தான் கிடைக்கும், தானாகச் செத்துப்போனதற்குக் கிடைக்காது. 2021-இல் கேரளம் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும், குஞ்சுக்கு 100 ரூபாயும் கொடுத்தது. நாட்டுக்கோழியின் விலைக்கு அது ஈடாகாது. இருந்தாலும் மூடி மறைத்த ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கில் ஏறும் கோழிகள் குறைந்துகொண்டே போகும், பக்கத்து வீட்டுக் கொல்லையில் சாகும் கோழிகள் கூடிக்கொண்டே போகும்.