மூசை உலையா, இண்டக்‌ஷனா? பாலையூற்று வார்ப்புப் பட்டறையில் நாங்கள் எடுத்த முடிவு

பழைய உலையின் சுவர் விண்டு விழுந்த பிறகு, அடுத்து எதைப் போடுவது என்று நாலு மாதம் விசாரித்துத் திரிந்தோம். கடைசியில் கழிவு ஒயிலில் எரியும் மூசை உலையையே திரும்பவும் கட்டினோம். மூசை என்பது உலோகத்தைப் போட்டு உருக்கும் சட்டி, அதை உலைக்குள் இறக்கி வெளியிலிருந்து சூடேற்றுவோம். மூன்று வருடம் ஓடிவிட்டது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எங்கள் வேலை படகுகளுக்கான வெண்கலப் புறொப்பெலர், புஷ், கொஞ்சம் அலுமினியம். ஒரு தடவை உருக்குவது 40, 50 கிலோ. வாரத்தில் இரண்டு நாள்தான் உலை எரியும். இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கியூப்போலாவைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். கோக் கரி, இரும்பு, சுண்ணாம்புக்கல் என்று அடுக்கடுக்காகப் போட்டுக் காற்றடித்து உருக்கும் உலை அது. வார்ப்பிரும்புக்கு அருமையானது. ஆனால் மூட்டிவிட்டால் மணிக்கணக்கில் இரும்பு வந்துகொண்டே இருக்கும், அதற்கேற்ப அச்சுகள் வரிசையாகத் தயாராய் நிற்க வேண்டும். ஒரே ஒரு நாள் உதவிக்குப் போய் நின்றதுதான் எனக்கு அதில் உள்ள பழக்கம், அதனால் இதோடு விடுகிறேன்.

இண்டக்‌ஷனை ஒதுக்கத்தான் மனம் கஷ்டப்பட்டது. அது மின்சாரத்தில் உருக்கும் உலை. புகை இல்லை, இரைச்சல் குறைவு. காந்தப்புலம் உலோகத்துக்குள்ளேயே மின்னோட்டத்தை உண்டாக்கிச் சூடேற்றுவதால் சூடு வீணாவது குறைவு, உலோகமும் தானாகச் சுழன்று நன்றாகக் கலக்கும். எங்கள் உலையில் சூட்டின் பெரும்பங்கு புகையோடு போகிறது. சுவாலையில் உள்ள நீராவியிலிருந்து ஐதரசனை அலுமினியம் இழுத்துக்கொள்ளும், கவனிக்காவிட்டால் வார்ப்பில் ஊசித்துளை விழும். இதெல்லாம் உண்மை.

ஆனால் பராமரிப்பு என்று வந்தபோது கதை மாறியது. இண்டக்‌ஷன் சுருள் என்பது உள்ளே தண்ணீர் ஓடும் செப்புக் குழாய். கடலோரக் கிணற்று உவர்த் தண்ணீரை அதில் விட முடியாது, குழாய்க்குள் உப்புப் படிந்து அடைத்துவிடும். சுத்திகரித்த தண்ணீரை மூடிய சுற்றில் ஓடவிட வேண்டும். கரண்ட் போனாலும் உள்ளே உருகிக் கிடக்கும் உலோகம் ஆறும்வரை தண்ணீர் நிற்கக்கூடாது, அதற்குத் தனி டீசல் பம்ப் அல்லது உயரத் தொட்டி வேண்டும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெரிய இணைப்பு எடுத்தால், மாதத்தில் ஒரு நாள் உருக்கினாலும் அந்த மாதத்தில் இழுத்த உச்ச மின்சுமைக்கு (கேவிஏ) கட்டணம் தனியாக வரும்.

இவற்றையும் சமாளிக்கலாம் என்றே நினைத்தோம். எங்களைத் தடுத்தது உலையின் உட்சுவருக்கு இடும் உட்பூச்சு. சிலிக்கா தூளை இடித்து இறுக்கிச் சுட்டெடுப்பார்கள். சிலிக்கா 573 பாகை செல்சியஸில் சட்டென்று விரியும், ஆறும்போது சுருங்கும். நாள்தோறும் ஓடும் உலையில் அது அடிக்கடி நடக்காது. வாரத்தில் இரண்டு நாள் எரித்து மிச்ச நாள் ஆறப்போட்டால் ஒவ்வொரு முறையும் வெடிப்பு விட இடம் கொடுக்கிறோம். வெடிப்பு வழியே உலோகம் தண்ணீர்ச் சுருளைத் தொட்டால் நீராவி வெடிக்கும். ஆட்கள் பக்கத்தில் நிற்கும் இடம் அது.

மூசையும் வெடிப்பு விழாத பொருளல்ல. முதல் வருடம் கார்த்திகை மழையில் கொட்டிலின் ஓரத்தில் கிடந்த புது மூசையை அப்படியே உலையில் இறக்கினேன். ஈரம் குடித்திருந்தது. அரை மணிக்குள் பக்கவாட்டில் ஒரு துண்டு ஓடுபோல் பெயர்ந்து விழுந்தது. உள்ளே உலோகம் போடாததால் பிழைத்தோம். எங்களிடம் வேலை செய்யும் மூத்த அண்ணை கேட்டது ஒன்றுதான்: "தம்பி, தட்டிப் பாத்தனியா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு முறை உருக்கும் முன் சின்னத் தடியால் மூசையின் விளிம்பைத் தட்டிக் கேட்கிறோம். நல்லது மணிபோல் கணீரென்னும். வெடிப்பு விழுந்தது சொத்தென்று ஒலிக்கும். அப்புறம், புது மூசையை இளஞ்சூட்டில் வைத்து ஈரத்தை ஓட்டிய பிறகுதான் சுவாலையைக் கூட்டுவோம். நீள உலோகக் கட்டிகளைக் குறுக்கே இறுக்கிப் போடுவதில்லை, விரிந்து மூசையைப் பிளந்துவிடும். அலுமினியத்துக்கு ஒரு மூசை, வெண்கலத்துக்கு வேறொன்று. பழுதானால் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை இறக்கலாம், உலை அப்படியே நிற்கும்.

எரிபொருளுக்குப் படகு எஞ்சின்களில் மாற்றிய ஒயில் கிடைக்கிறது. பீப்பாயில் சில நாள் தெளியவிட்டு, அடியில் தங்கும் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் எரிக்கிறோம். டீசலில் மூட்டி, சுவர் சிவந்த பிறகு ஒயிலுக்கு மாற்றினால் புகை குறையும்.

தினமும் தொன் கணக்கில் இரும்பு உருக்குகிறவர்களுக்கு இண்டக்‌ஷன்தான் சரி. எங்களிடம் இரும்பு வேலை வந்தால் அப்படிப்பட்ட இடத்துக்கே அனுப்பிவிடுகிறோம். மாற்று மூசைகள் இரண்டு இப்போது உலைக்குப் பக்கத்துப் பரணில், சூடு படும் இடத்தில், கவிழ்த்து வைத்திருக்கிறோம்.