பாகூர் பக்கம் வாங்கிய நீல முட்டைக் கோழிகள்: பதினோரு மாதம் வளர்த்துப் பார்த்த அனுபவம்

திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். கொல்லையில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு கோழிகள் மேயும். போன தை மாதம் பாகூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பண்ணையில், நீல முட்டை, பச்சை முட்டை போடும் வகை என்று எட்டுக் குஞ்சுகள் வாங்கி வந்தேன். ஒரு மாதக் குஞ்சு, ஒன்று 250 ரூபாய். இப்போது மார்கழி. குஞ்சு வாங்கிய கையோடு எழுதியிருந்தால் குஞ்சைப் பற்றித்தான் எழுதியிருக்க முடியும். முட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

இதற்கு முன்னால் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். அதைச் சொன்னால்தான் இந்தப் பண்ணையை ஏன் பாராட்டுகிறேன் என்பது புரியும். இரண்டு வருஷத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் படம் பார்த்து, வேறு ஊர் ஆள் ஒருவரிடம் நான்கு விடைக்கோழி வாங்கினேன். ஒன்று 800 ரூபாய். நீல முட்டை போடும் வெளிநாட்டு இனம், ‘அசல் அரோகானா’ என்றார். கொண்டையைக் காட்டி, “கத்திப்பூ மாதிரி நிமிர்ந்து நிற்கவில்லை பாருங்கள், மூன்று வரிசையாகத் தலையோடு ஒட்டிப் படிந்திருக்கிறது, இதுதான் அடையாளம்” என்றார். நம்பினேன். ஆறு வாரம் கழித்து முதல் முட்டை வந்தது. நம் வீட்டுக் கோழி போடுகிற அதே சந்தன நிறம். நான்கும் அப்படியேதான். கேட்டதற்கு, வெயில் குறைந்தால் நீலமாகும் என்றார். ஒரு கோழி ஆயுசுக்கும் ஒரே நிறத்தில்தான் முட்டையிடும், வெளுக்கலாம், அடர்த்தி கூடலாம், சந்தனம் நீலமாக மாறவே மாறாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதனால் பாகூருக்குப் போகும்போது சந்தேகத்தோடுதான் போனேன். கடலூரிலிருந்து பாண்டி பஸ் ஏறி, கன்னியக்கோயிலில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பண்ணையை ஒரு தம்பியும் அவருடைய அம்மாவும் பார்த்துக்கொள்கிறார்கள். தென்னைமரத்தடியில் நான்கு கொட்டகை, தரையில் நெல் உமி, அவ்வளவுதான் இடம். போனதும் நான் கேட்டது, “தம்பி, இது அரோகானாவா?”

“இல்லைக்கா. இது கலப்பு. வெளிநாட்டில் ஈஸ்டர் எக்கர் என்று சொல்வார்கள். அது ஒரு இனத்தின் பேரே கிடையாது” என்றார். விற்க உட்கார்ந்திருப்பவர் முதல் வார்த்தையாக இதைச் சொன்னது எனக்குப் பிடித்துப் போயிற்று.

அப்புறம் அவர் செய்த காரியம்தான் முக்கியம். கூடையிலிருந்து மூன்று முட்டை எடுத்தார். ஒன்று பழுப்பு, ஒன்று நீலம், ஒன்று பச்சை. மூன்றையும் கிண்ணத்தில் உடைத்து ஊற்றிவிட்டு, ஓட்டின் உள்பக்கத்தைக் கழுவி, சவ்வை உரித்துவிட்டுக் காட்டினார். பழுப்பு முட்டையின் ஓடு உள்ளே வெள்ளை. நீல முட்டையின் ஓடு உள்ளேயும் நீலம். பச்சை முட்டையும் உள்ளே நீலம்தான்! வெளியே மட்டும்தான் பச்சை.

எனக்கு உடனே பொங்கலுக்கு வீடு வெள்ளையடிப்பதுதான் ஞாபகம் வந்தது. சுண்ணாம்பிலேயே நீலத்தைக் கலந்துவிட்டால் சுவரைச் சுரண்டினாலும் நீலம். வெள்ளையடித்த சுவர் மேல் காவி பூசினால், சுரண்டினால் உள்ளே வெள்ளை. கோழியின் வயிற்றிலும் அதே கணக்குத்தான். முட்டைக்கு ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. பழுப்பு நிறத்தைக் கொடுப்பது புரோட்டோபோர்பிரின் என்ற பொருள். அது பெரும்பாலும் கடைசிச் சில மணி நேரத்தில்தான் மேலே படிகிறது. அதனால்தான் அப்போதே இட்ட பழுப்பு முட்டையை ஈரக்கையால் அழுத்தித் தேய்த்தால் நிறம் கொஞ்சம் ஒட்டும். நீலம் கொடுப்பது பிலிவர்டின். அடிபட்ட இடம் நாலு நாளில் பச்சையாகத் தெரிகிறதே, அதே பொருள். இது ஓடு கட்டும்போதே கலந்துவிடுகிறது. நீல ஓட்டின் மேல் பழுப்பு படிந்தால் பச்சை. பழுப்பு ரொம்ப அடர்த்தியாகப் படிந்தால் ஆலிவ் நிறம். பிரான்ஸ் நாட்டு மாரான்ஸ் கோழி சாக்லேட் நிறத்தில் முட்டையிடும். அதை நீல முட்டைக் கோழியோடு சேர்த்துத்தான் ஆலிவ் நிறத்தைக் கொண்டு வருகிறார்கள். அந்த வகை இந்தப் பண்ணையில் இல்லை, இல்லை என்றே சொல்லிவிட்டார்.

என் பழைய கதையைச் சொல்லி, கொண்டை அடையாளம் பொய்யா என்று கேட்டேன். முழுப் பொய் இல்லையாம். அந்தப் படிந்த கொண்டைக்குப் பட்டாணிக் கொண்டை என்று பேர். அதற்கான மரபணுவும் நீல முட்டைக்கான மரபணுவும் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் அமெரோகானா என்ற இனத்தில் இரண்டும் சேர்ந்தே வரும், அதனால் அங்கே அது ஓரளவு அடையாளம். ஆனால் நம் ஊர் அசில் கோழிக்கும் பட்டாணிக் கொண்டைதான், அதன் முட்டையில் நீலம் கிடையாது. சண்டைச் சேவல் வளர்க்கும் ஊர்களில் கொண்டையை மட்டும் பார்த்து வாங்கினால் என் கதைதான் ஆகும். எனக்கு வந்தவை அசில் கலப்பு. கால் நீளத்தைப் பார்த்தே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அசல் அரோகானா சிலி நாட்டிலிருந்து வந்தது, அங்கே மாப்புச்சே மக்கள் வளர்த்த கோழிகளின் வழி. அமெரிக்கத் தரப்படி அதற்கு வால் கிடையாது, காதோரம் இறகுக் குஞ்சம் இருக்கும். பிரிட்டனில் வாலோடு இருப்பதையும் அரோகானா என்றே சொல்கிறார்கள். அந்தக் குஞ்சத்துக்கான மரபணு தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். நம் வீட்டில் அடை வைத்துப் பெருக்க லேசான கோழி இல்லை அது. இந்த நீலத்துக்கே காரணம் எப்போதோ கோழியின் மரபணுவுக்குள் நுழைந்து தங்கிவிட்ட ஒரு பழைய வைரஸ் துண்டு என்று 2013-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். சிலிக் கோழியிலும் சீனாவின் நீல முட்டைக் கோழியிலும் அது தனித்தனியாக நுழைந்திருக்கிறது. இதைப் படித்த அன்று இரவு கொல்லைக்குப் போய்க் கோழிகளை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துதான் படுத்தேன்.

நீல மரபணு ஓங்கும் வகை, தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து ஒரு பங்கு வந்தாலே ஓடு நீலமாகும். ஆனால் தாய்க்கு ஒரு பங்குதான் இருந்து, சேவல் சாதாரணச் சேவலாக இருந்தால் குஞ்சுகளில் பாதிக்குத்தான் அது போகும். சேவலிடம் நீலம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும் முடியாது, அதன் பெண் குஞ்சுகள் முட்டையிட்டால்தான் தெரியும். “எங்கள் தாய்க்கோழிக்கு ஒரு பங்குதான்க்கா, பாதிதான் வரும் என்று நினைத்து வாங்குங்க” என்று பணம் வாங்கும் முன்பே சொன்னார்.

எட்டில் ஒன்றைச் சித்திரையில் கீரி தூக்கிக்கொண்டு போய்விட்டது, அது என் வேலியின் குறை. மூன்று சேவலாகிவிட்டன. மீதி நான்கு பெட்டை. ஆடி பிறந்து ஒரு வாரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டை காலையெல்லாம் கேறிக்கொண்டே திரிந்தது. மதியம் பஞ்சாரத்துக்குள் பார்த்தால் வெளிர்நீலத்தில் ஒரு முட்டை! கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கே ஓடினேன். இன்னொன்றும் நீலம். மூன்றாவது பாசிப்பயறு மாதிரி இளம்பச்சை. நான்காவது சந்தன நிறம். அவர் சொன்ன பாதியைவிட எனக்கு ஒன்று கூடுதலாகவே வந்தது. ஆடியில் இருந்த நீலம் ஐப்பசியில் கொஞ்சம் வெளுத்தது. தொடர்ந்து முட்டையிட்டால் அப்படித்தான் ஆகும், ஓய்வெடுத்து மறுபடி ஆரம்பிக்கும்போது நிறம் திரும்பும்.

எங்கள் தெருவில் வந்த முதல் கேள்வி, சாயத்தில் முக்கினதா என்பதுதான். திருவிழாவில் குஞ்சுக்கே சாயம் முக்கி விற்கிற ஊரில் அப்படிக் கேட்பது நியாயம்தான். வெள்ளை முட்டையைத் தேயிலைத் தண்ணீரில் போட்டு நாட்டு முட்டை என்று விற்கிறார்கள் என்ற பேச்சும் இருக்கிறது. நான் இப்போது உள் ஓடு நீலமாக இருக்கிற துண்டுகளைக் கடை மேஜையில் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், கேட்டவுடன் எடுத்துக் காட்டுகிறேன். எதிர்வீட்டு ஆயா, காது மடல் வெள்ளையாக இருந்தால் வெள்ளை முட்டை, சிவப்பாக இருந்தால் பழுப்பு முட்டை என்றார். பல இனங்களுக்கு அது ஒத்துப்போகிறது, ஆனால் என் நீல முட்டைப் பெட்டைகளுக்குச் சிவப்பு மடல்தான். கடக்நாத் கறுப்பு முட்டை போடுமா என்றும் ஒருவர் கேட்டார். கறி கறுப்பு, எலும்பு கறுப்பு, முட்டை மட்டும் வெளிர்பழுப்புதான்.

ருசியில் வித்தியாசம் இல்லை. ஓட்டின் நிறத்தால் சத்தும் கூடிவிடாது. மஞ்சள் கரு அடர்த்தியாக இருப்பது நான் போடும் முருங்கைக்கீரையால், சந்தன முட்டையிலும் அதே அடர்த்திதான். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று சொல்லி 40 ரூபாய்க்கு விற்கச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நாட்டு முட்டை விலைக்கே, 15 ரூபாய்க்குக் கொடுக்கிறேன்.

பண்ணையில் குறையும் உண்டு. தடுப்பூசி போட்ட தேதி எழுதின சீட்டு தரவில்லை, வெள்ளைக் கழிச்சல் வராமலிருக்க விடும் லசோட்டா சொட்டு விட்டாயிற்று என்று வாயால்தான் சொன்னார்கள். இந்தப் பக்கம் கழிச்சல் வந்தால் கொல்லையே காலியாகும். எட்டாவது வாரத்து ஊசியை நானே அரசு கால்நடை மருத்துவமனையில் போட்டுக்கொண்டேன். குஞ்சைக் கொடுத்த அட்டைப்பெட்டியில் நான்கே ஓட்டை. கன்னியக்கோயிலில் இறங்கி நானே கத்தரிக்கோலால் எட்டு ஓட்டை போட்டேன். சேவல் எது, பெட்டை எது என்று பிரிக்காமல் ஒரே விலைக்குக் கொடுக்கிறார்கள், ஒரு மாதக் குஞ்சில் அது கஷ்டம்தான் என்றாலும் சேவலுக்கு அந்த விலை அதிகம். கேம்பிரிட்ஜில் உருவான கிரீம் லெக்பார் இனத்தில் பொரித்த அன்றே உடம்பு மயிரின் நிறத்தைப் பார்த்துச் சேவலையும் பெட்டையையும் பிரிக்கலாம், அதுவும் நீல முட்டை இனம்தான். அதைக் கொண்டு வரப் பாருங்கள் தம்பி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பொங்கல் கழித்து இன்னும் ஆறு குஞ்சு கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை சீட்டும் கேட்டிருக்கிறேன். போகிறவர்கள் காலை பத்து மணி வாக்கில் போங்கள். அந்த நேரத்தில்தான் கோழிகள் கேறிக்கொண்டிருக்கும், எடுக்காத முட்டை கூடையில் கிடக்கும். எந்தக் கோழி எந்த முட்டையிலிருந்து எழுந்து போகிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டு, அந்தத் தாயின் குஞ்சு வேண்டும் என்று கேளுங்கள். அந்த அம்மா எடுத்துத் தருவார்.