ஸ்ப்ளெண்டர் பின் வீல் பேரிங் வேலை: பைபாஸ் ரோடு பக்கம் ஒரு சின்ன கடை

பின் வீல் பேரிங் மாத்தி மூணே மாசம்தாங்க ஆச்சு, திரும்பவும் 40-க்கு மேல போனா ஊஊன்னு ஒரு சத்தம், சென்டர் ஸ்டாண்ட் போட்டு வீலைப் பிடிச்சு ஆட்டுனா லொடலொடங்குது. முதல்ல மாத்துன கடை எதுன்னு கேக்காதீங்க, விடுங்க. மதுரைல பைபாஸ் ரோட்டுல இருந்து உள்ள போற தெருவுல ஒரு அண்ணன் தனியா கடை வச்சிருக்காருன்னு சொன்னாங்க, ஞாயித்துக்கிழமை 9 மணிக்கே போய் நின்னேன், கையில எடுக்குறப்ப 11. அது ஒரு மைனஸ்.

வீலைக் கழட்டி பேரிங்கைத் தட்டி எடுத்துட்டு வீலோட நடுப்பகுதி, அந்த ஹப்புக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தவரு சிரிச்சுட்டாரு. ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஒரு குழாய் வரணும்ல, ஸ்பேசர், அதையே காணோம்! "இது இல்லாம ஆக்சில் நட்டை இறுக்குனா உள் ரிங்கு ரெண்டும் ஒண்ணை நோக்கி ஒண்ணு இழுபடும் தம்பி, அப்புறம் எந்த கம்பெனி பேரிங் போட்டா என்ன"ன்னாரு. ஸ்பேசர் வாங்க என்னையே ஸ்பேர்ஸ் கடைக்கு விரட்டுனாரு, வெயில்ல.

புது பேரிங்கை சுத்தியலால நேரா அடிக்கல. வெளி ரிங்கு அளவுக்கு ஒரு ஸ்பேனர் சாக்கெட்டை வச்சு, டொக் டொக்குங்குற சத்தம் 'ணங்'னு மாறுற வரைக்கும் தட்டுனாரு, ஒரு பக்கம் உக்காந்ததும் ஸ்பேசரைப் போட்டு அப்புறம் மறுபக்கம். விரலை விட்டு சுத்திப் பாருங்கன்னாரு, கரகரப்பே இல்ல. செயின் ஸ்ப்ராக்கெட் பக்கம் இருக்குற பேரிங்கையும் அப்பவே மாத்தியாச்சு, போன தடவை அதைத் தொடவே இல்லையாம்.

மாட்டுறதுலதான் மனுசனுக்கு அவ்ளோ பொறுமை. ஸ்ப்ராக்கெட்டுக்கும் வீலுக்கும் நடுவுல குலுங்கலைத் தாங்குற கப்ளிங் ரப்பரை அமுக்கிப் பாத்தாரு, ஆக்சிலைத் தொடச்சு கிரீஸ் தடவுனாரு, ஆக்சில்ல வெளிப்பக்கம் வர்ற காலர் வளையம் எது எந்தப் பக்கம்னு கழட்டுறப்பவே தனித்தனியா வச்சிருந்தாரு. செயின் லூசு ரெண்டரை சென்டிமீட்டர்னு ஸ்கேல் வச்சே அளந்து, ரெண்டு பக்கமும் அட்ஜஸ்டர் கோடு ஒண்ணா இருக்கான்னு குனிஞ்சு பாத்து, என்னைய பிரேக்கை மிதிச்சுப் பிடிக்கச் சொல்லிட்டுதான் ஆக்சில் நட்டை இறுக்குனாரு, அப்பதான் டிரம்முக்குள்ள ஷூ நடுவுல உக்காருமாம். பிரேக் பிளேட்டைச் சுத்த விடாம பிடிக்கிற டார்க் ராடுக்கு, நட்டு கழறாம இருக்கப் போடுற பழைய ஸ்ப்ளிட் பின்னைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுனாரு, இதெல்லாம் எவன் செய்றான் இப்ப.

எல்லாம் சேத்து 750, பில்லு கிடையாது. 1,200 கிலோமீட்டர் ஓட்டிட்டேன், சத்தம் சுத்தமா இல்ல. போன் மட்டும் எடுக்கவே மாட்டாரு, நேர்ல போயிருங்க, திங்கக்கிழமை லீவு.