ரசீதில் யார் பெயர்? ஸ்ட்ரைப், பேபால், பேடில், கம்ரோட்

மின்னூல், டெம்ப்ளேட், சின்ன மென்பொருள் என்று எதையாவது உருவாக்கி விற்கக் கிளம்புகிறவர்கள் பணம் வாங்கும் வழியைத் தேடும்போது முதலில் பார்ப்பது கட்டணம் எத்தனை சதவீதம் என்பதைத்தான். அதற்கு முன்னால் இன்னொன்றைப் பாருங்கள். வாங்குபவருக்குப் போகும் ரசீதில் விற்பவர் என்று யார் பெயர் இருக்கும்?

ஸ்ட்ரைப், பேபால் என்ற இணையவழிப் பண நிறுவனங்கள் இரண்டிலும் பொதுவாக உங்கள் பெயர். அவர்கள் பணத்தை வாங்கி உங்களிடம் சேர்ப்பதோடு சரி. பேடில், லெமன் ஸ்குவீஸி, கம்ரோட் மூன்றும் 'மெர்ச்சன்ட் ஆஃப் ரெக்கார்ட்' வகை. அங்கே சட்டப்படி விற்பவர் அவர்களே. கம்ரோட் இந்தப் பொறுப்பை 2025 ஜனவரியில்தான் ஏற்றது.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஹங்கேரியில் ஒருவர் உங்கள் டெம்ப்ளேட்டை 20 டாலருக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வாட் வரி 27 சதவீதம். விலைக்குள்ளேயே வரி அடக்கம் என்றால் அதில் சுமார் 4.25 டாலர் உங்கள் பணமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து விற்பவருக்கு விலக்கு வரம்பு எதுவும் கிடையாது, முதல் விற்பனையிலிருந்தே பொறுப்பு உண்டு. பதிவு செய்ய வேண்டும், காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், வாங்கியவர் எந்த நாட்டுக்காரர் என்பதற்கான ஆதாரத்தோடு ஆவணங்களைப் பத்தாண்டு வைத்திருக்க வேண்டும். ஸ்ட்ரைப்பின் வரிக் கருவி தொகையைக் கணக்கிட்டுக் கொடுக்கும். கட்டும் கடமை என்னவோ உங்களுடையதுதான். பேடிலில் விற்றால் இந்த வேலை முழுக்க அவர்கள் தலையில்.

சரி, இப்போது கட்டணத்துக்கு வருவோம். அமெரிக்கக் கணக்குக்கு ஸ்ட்ரைப்பின் அடிப்படைக் கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். பேடிலுக்கு 5 சதவீதமும் 50 சென்ட்டும். 50 டாலர் பொருளுக்கு 1.75 எதிர் 3 டாலர். வரித் தலைவலி முழுக்கப் போக 1.25 டாலர் என்றால் நான் மறுபேச்சில்லாமல் கொடுப்பேன். ஆனால் 3 டாலர் பொருளுக்கு ஸ்ட்ரைப் 39 சென்ட் எடுக்க, பேடில் 65 சென்ட் எடுக்கும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. சின்னச் சின்னப் பொருட்களைத் தனித்தனியாக விற்காமல் ஒரு கட்டாகச் சேர்த்து விற்பது இதனால்தான் நல்லது.

கம்ரோட் 10 சதவீதமும் 50 சென்ட்டும் கேட்கிறது. அவர்களுடைய சந்தைப் பக்கம் வழியாக ஆள் வந்தால் 30 சதவீதம். சொந்தமாகத் தளம் இல்லாதவர் அரை மணி நேரத்தில் கடை திறந்துவிடலாம் என்பது உண்மையான வசதி. ஆனால் விற்பனை சூடு பிடித்த பிறகும் அங்கேயே இருப்பது வீண் செலவு. பேபாலை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அட்டை எண்ணைக் கொடுக்கத் தயங்குகிறவர்களுக்காக இரண்டாவது பொத்தானாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் சார்ஜ்பேக், அதாவது வாங்கியவர் தன் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது. வாங்கியவர் வங்கியிடம் போய் "நான் வாங்கவே இல்லை" என்றால், காட்டுவதற்கு நம்மிடம் கூரியர் கையெழுத்து இல்லை. பதிவிறக்கம் நடந்த நேரமும் ஐபி முகவரியும்தான் சாட்சி. ஸ்ட்ரைப்பில் அமெரிக்கக் கணக்குக்கு ஒரு தகராறுக்கு 15 டாலர் கட்டணம், 10 டாலர் பொருளாக இருந்தாலும். இதைவிட, கேட்டவருக்கு உடனே ரீஃபண்ட் கொடுப்பது மலிவு. அப்போதும் முதலில் பிடித்த கட்டணம் திரும்பி வராது.

வெவ்வேறு நாடுகளில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், கணக்குப் பார்க்கத் தனி ஆள் இல்லை என்றால் பேடில் வகையில் தொடங்குங்கள். ஒரே நாட்டுக்குள் விற்பவருக்கு ஸ்ட்ரைப் போதும். சந்தா விற்பதாக இருந்தால் மட்டும் சேரும் முன்பே ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: நாளைக்கு வேறு இடத்துக்கு மாறினால், சேமித்து வைத்த அட்டை விவரங்களைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றித் தருவீர்களா? இல்லை என்றால், மாறும் நாளில் சந்தாதாரர் ஒவ்வொருவரும் மறுபடி அட்டை எண்ணைத் தட்ட வேண்டியிருக்கும்.