தயிர்ச்சட்டியோடு பொப்பாய்

மட்டக்களப்பு நகரில் ரீசேர்ட் அச்சடிக்கும் சின்னக் கடை ஒன்றில், தம்பியின் மகனுக்கென்று ஒன்று வாங்கினேன். இப்போது நான்தான் போட்டுத் திரிகிறேன். 1929இல் சித்திரக் கதையில் பிறந்த மாலுமி பொப்பாய், கீரை டின்னை எறிந்துவிட்டு எருமைத் தயிர்ச்சட்டியை அப்படியே வாயில் கவிழ்க்கிறார். பின்னால் கல்லடிப் பழைய பாலம். முன்கையில் நங்கூரம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டக்களப்பின் சின்னமான பாடுமீன்! சட்டியில் தொங்கும் கயிற்றுப் பிடியைக்கூட வரைந்தவர் விடவில்லை. அவருக்கு உடுத்திவிட்ட சாரம்தான் பொருந்தவில்லை, கப்பற்காரனுக்குக் காற்சட்டையே அழகு.

விலை 1,800 ரூபாய், துணி நல்ல பருத்தி. ஆனால் மூன்றாம் கழுவலிலேயே பொப்பாயின் சுங்கான் உரிந்துவிட்டது. கொண்டுபோய்க் காட்டினேன். "அண்ணன், அவர் புகைப்பதை விட்டுவிட்டார்" என்றார் கடைக்காரத் தம்பி. சிரித்த சிரிப்பில் மாற்றித் தரச் சொல்லிக் கேட்க மறந்துவிட்டேன்.